தொண்டைக்குள் ஒரு தவளை

தண்ணீர் லாரி வந்தால்கூட எங்கள் தெருவில் இவ்வளவு கூட்டம் சேராது. தவளைச்சாமி வந்திருந்தார்! வளரும் பையன்களின் தொண்டையில் குடியேறும் தவளைப் பேயை விரட்டுவதில் அவரை மிஞ்ச ஆளே இல்லையாம். சொன்னவர் அவரேதான்.

பேய் பிடித்தது தையல்காரர் மகனை. மணி அடித்தாற்போல் பேசிக்கொண்டிருந்தவன், கொஞ்ச நாளாக ஒரே பேச்சைக் கீச்சென்று தொடங்கிக் கர்ரென்று முடித்தான். தொண்டை நடுவில் ஒரு மேடு வேறு. நான் துணி காயப்போடத்தான் மொட்டை மாடிக்குப் போனேன். அவர்கள் வாசல் கண்ணில் பட்டால் நான் என்ன செய்வது?

சாமி பையனின் முகவாயைத் தூக்கினார். "எச்சியை முழுங்குடா!"

முழுங்கினான். மேடு ஏறி இறங்கியது.

"பாத்தீங்களா? குதிக்குது!"

"ஐயய்யோ!" என்றது கூட்டம். பையனின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பழுக்கக் காய்ச்சின ஊசியால ஒரே குத்து. தவளை செத்துரும்."

வாசலில் வைத்த அடுப்பில் கோணி ஊசி சிவந்துகொண்டிருந்தது. அந்த ஊசியைத் தேடிக் கொடுத்தவர் பெற்ற அப்பாவேதான். பெரிய மனசு!

"வேணாம்ப்பா!" என்று பையன் கதறினான். பாதி கீச், பாதி கர்.

"ரெண்டு குரல் கேக்குதா? ஒண்ணு பையன், ஒண்ணு தவளை" என்றார் சாமி.

அப்போதுதான் தையல்காரரின் அக்கா வந்தாள். பஸ் ஓட்டுகிறவள், வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு நேரே வந்திருந்தாள்.

"என்னடா தம்பி கூத்து இது?"

"தொண்டையில தவளைக்கா."

"உன் தொண்டையில கைய வெச்சு முழுங்கிப் பாரு."

பார்த்தார். முகம் வெளுத்தது. "அக்கா… எனக்கும் குதிக்குது!"

அடுத்த நொடி தெருவிலிருந்த அத்தனை ஆண்களின் கையும் அவரவர் தொண்டையில்.

"எனக்கும்!" என்றார் பால்காரர்.

"என்னுது ரொம்பப் பெருசு!" என்று அலறினார் தபால்காரர்.

யோசித்தார்களா? வரிசையில் நின்றார்கள்! சாமிக்கு வாயெல்லாம் பல். "தள்ளாம வாங்க, எல்லாருக்கும் உண்டு!"

"மொதல்ல சாமிக்கு" என்றாள் அக்கா. துடைப்பக் குச்சியால் அவர் தாடியை நிமிர்த்தினாள். உள்ளே இருந்தது ஊரிலேயே பெரிய தவளை! சாமி மிரண்டு எச்சில் விழுங்க, அது குதித்த குதி மாடியிலிருந்த எனக்கே தெரிந்தது.

அக்கா இடுக்கியால் ஊசியை எடுத்தாள். "நல்லாப் பழுத்திருக்கு. குத்தட்டுமா?"

"குத்தாதம்மா! அது எல்லா ஆம்பளைக்கும் இருக்கிறதுதான்!" சாமிக்கும் கீச்சென்றுதான் வந்தது.

"அப்ப என் மருமகனுக்கு மட்டும் எதுக்குய்யா ஊசி? மகரக்கட்டு உடையுற வயசு. குரல்வளை வளருது, குரல் தடிக்குது. நாளைக்கு மீசை முளைச்சா கரடி புகுந்துருச்சும்பியா?"

சாமி செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். அம்மா பையனை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வரிசை மட்டும் கலையவில்லை.

"அப்ப எங்க தவளைக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார் தபால்காரர்.

கழுத்து வரைக்கும் தொட்டுப் பார்த்தாயிற்று ஐயாமார்களே. அதற்கு மேலே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதையும் ஒருநாள் தொட்டுப் பாருங்களேன்!