ஹெட்லைற்றுக்கு விபூதி பூசிய விபரம்

அம்பிட்டிய வீதி,
கண்டி.
18.09.2007

பெருமதிப்புக்குரிய சோதிலிங்கம் அண்ணருக்கு,

கண்டியிலிருந்து விமலநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி கமலாசனியும் மகள் தர்சினியும் சுகம். காரும் சுகம். தாங்களும் அக்காவும் இலண்டனிலிருந்து வந்திருக்கும் மகனும் சுகமாகவும், முடிந்தால் கொஞ்சம் கோபம் தணிந்தும் இருக்கவேண்டுமென்று கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் இப்போது என்னோடு அவ்வளவு நல்லபடியாக இல்லை. காரணம் கீழே வருகிறது.

விடயம் தாங்கள் அறிந்ததே. சென்ற வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையில் தங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நாங்கள் வரவில்லை. வழமையாக மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்க வருவது; தங்களுக்கு முழங்கால் வருத்தம் என்றபடியால் நாங்களே வருகிறோம் என்று பெரிய மனதோடு சொன்னவன் நான். அன்றிரவு தொடக்கம் நேற்று வரை தங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறதே தவிர ஒருவரும் எடுக்கவில்லை. என்னுடைய இலக்கம் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் இருபத்தெட்டாம் திகதி மகன் விமானம் ஏறிவிடுவார். தர்சினிக்குக் கார்த்திகையோடு முப்பத்திரண்டு. இதற்கு முன் ஆறு சாதகம் வந்து ஆறும் திரும்பிப் போனது. இது ஒன்றுதான் பொருந்தியது, படத்தைப் பார்த்துப் பிள்ளையும் முதன்முறையாக முகத்தைச் சுளிக்கவில்லை. ஆகவே வெட்கத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன். முப்பத்துநான்கு வருடம் காணிக் கந்தோரில் இருந்து, பிந்தி வந்தவனிடமெல்லாம் விளக்கக் கடிதம் வாங்கினவன், இன்று நானே ஒன்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும், அண்ணர் குறை நினைக்கக்கூடாது. இவ்வளவுக்கும் காரணம் தாங்கள்தான். ஆனி மாதம் பாலேந்திரன் வீட்டுக் கலியாணத்துக்குக் கண்டிக்கு வந்தபோது, மண்டப வாசலில் நின்ற என் காரைக் குனிந்து பார்த்து, மஞ்சள் பூத்துப் பால் படிந்துபோன அதன் இரண்டு ஹெட்லைற்றையும் விரலால் தட்டி, “விமலநாதன், காருக்குக் கண்ணிலை வெள்ளை படர்ந்திட்டுது, ஒப்பரேசன் செய்யுங்கோ” என்று நாலு பேர் கேட்கச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்தச் சம்பந்தம் பேச்சுக்கு வந்த நாள் தொடக்கம் கமலாசனி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அதையேதான் சொன்னா. குருட்டுக் காரிலே போய்ப் பெண் காட்ட ஏலாது, மாப்பிள்ளை வீட்டு வாசலில் அது நிற்கக்கூடாது, வெளிச்சமில்லாமல் கடுகண்ணாவை மலைப் பனிப்புகாருக்குள்ளே எப்படித் திரும்பி வாறது என்று ஒரே அரியண்டம். கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் மக்கீனிடம் புதுச் சோடி விலை கேட்டேன். அவர் சொன்ன விலைக்கு என் கண் இரண்டையும் மாற்றலாம். முகத்தைப் பார்த்து அவரே இரங்கி, மேலே மட்டுந்தான் மங்கியிருக்கு, வீட்டிலேயே செய்யலாம் சேர் என்று வழி சொன்னார். மூன்று வகை சாண்ட் பேப்பர் வாங்கி, கரடில் தொடங்கி நைசில் முடித்து, தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்து, கடைசியில் பற்பசை போட்டு மினுக்க வேண்டுமாம்.

மூன்று தாள் சொல்கிறவன் தாள் விற்கத்தான் சொல்கிறான் என்று நினைத்த நான், யன்னல் நிலை தேய்த்து மிஞ்சிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை காருக்கு முன்னால் குந்தினேன். மஞ்சள் போய்விட்டது. அதோடு வெளிச்சம் போகிற வழியும் போய்விட்டது. இரண்டு லைற்றும் குளியலறை யன்னல் கண்ணாடி போல வந்து நின்றன. பிறகு ஓடிப்போய் மற்ற இரண்டு தாளும் வாங்கி, புதன்கிழமை முழுக்கத் தேய்த்து, ஒருவாறு பழைய மங்கலுக்குக் கொண்டுவந்து, வீட்டிலிருந்த பற்பசை இரண்டையும் பிதுக்கிப் பூசிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அம்பிட்டியவில் உள்ள எறும்பு முழுவதும் என் காரில். இனிப்புப் பசையாம். தின்றதுபோக ஒரு பகுதி லைற்றுக்குள்ளேயே இறங்கி இன்றும் அங்கே குடும்பம் நடத்துகிறது. வியாழக்கிழமை காலை வீட்டில் பல் விளக்க ஒருவருக்கும் ஒன்றுமில்லை, எல்லோரும் கரியும் உப்பும். அந்த வாயோடு கமலாசனி பேசின பேச்சை இங்கே எழுதவில்லை.

அப்போதுதான் என் கண்ணில் சுவாமி அறை பட்டது. வெள்ளிக் குங்குமச் சிமிழை அவ எதனால் மினுக்குகிறவ? விபூதியால். அதைவிட நைசான பொடி இந்த உலகத்தில் உண்டா? நல்லூரிலிருந்து வந்த விபூதி ஒரு பால்மா ரின் நிறைய இருந்தது. அவ தலைக்குக் குளிக்கும் நேரம் பார்த்து எடுத்து, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து, பழைய வேட்டித் துணியால் தேய்த்தேன். அண்ணர், பொய் சொல்லவில்லை, பளிங்கு மாதிரி வந்தது. சந்தோசப் புளுகத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கமலாசனி வந்து பார்த்து, கடவுளே, சாமிப் பொருளைப் போய்க் காருக்குத் தேய்ச்சிருக்கிறியளே என்று தொடங்கி, மினுக்கத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்தி, “மற்றப் பக்கமும் இதுமாதிரி வருமோ?” என்றா.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகுகாலம். பத்து மணிக்கு எல்லோரும் வெளிக்கிட்டு நிற்க, கடைசியாக ஒரு பூச்சுப் பூசிவிடுவோம் என்ற ஆசை வந்தது. துணியைக் காணவில்லை. அவசரத்தில் விரலாலேயே தொட்டு இரண்டு லைற்றிலும் இழுத்துவிட்டு, போகிற வழியில் காய்ந்ததும் துடைக்கலாம் என்று கையைக் கழுவிக்கொண்டு ஏறிவிட்டேன். மிச்சக் குழையலுக்கு ரின்னும் எண்ணெய்ப் போத்தலும், மிஞ்சின தாள்களோடு டிக்கிக்குள். தங்கள் வாசலுக்கு முந்தின சந்தியில் நிறுத்தி ஒருதரம் மினுக்குவதாக இருந்தேன். பிறகு, பாதையில் இறங்குமுன், இந்தச் சண்டைக் காலத்தில் நாங்கள் தமிழர் எல்லோரும் செய்வதையே செய்தேன். கமலாசனியின் பொட்டை அழிக்கச் சொன்னேன். தர்சினியின் பொட்டை அழிக்கச் சொன்னேன். என் நெற்றியை லேஞ்சியால் இரண்டுதரம் துடைத்து, கண்ணாடியில் பார்த்து, ரேடியோவில் சிங்களப் பாட்டும் போட்டுவிட்டேன். பெண் காட்டப் போகிற பிள்ளை பொட்டில்லாமல் பின் சீற்றில் இருந்தாள். வெள்ளவத்தையில் வைக்கலாம் பிள்ளை என்றேன்.

கடுகண்ணாவை தாண்டும் முன் சோதனைச் சாவடி. அடையாள அட்டைகளைக் கொடுத்தேன். பொலிஸ்காரர் எங்கள் மூன்று மொட்டை நெற்றியையும் பார்த்தார், பெயர்களைப் பார்த்தார், காரைச் சுற்றி முன்னால் போனார், அங்கேயே நின்றுவிட்டார். பிறகு சார்ஜனைக் கூப்பிட்டார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அண்ணர், அறுபத்திரண்டு வருடம் விபூதியைத் தொட்டால் மூன்று விரலால் இடமிருந்து வலம் இழுத்துப் பழகின கை. காருக்கும் அப்படியே இழுத்திருக்கிறது. வலது லைற்றில் மூன்று குறி, இடது லைற்றில் மூன்று குறி, காய்ந்து வெளேரென்று நிற்கிறது. பொட்டழித்து, நெற்றி துடைத்து, சிங்களப் பாட்டுப் போட்டு நாங்கள் மறைத்ததையெல்லாம் கார் முன்னுக்கு நின்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது.

சார்ஜன் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஒன்றுதான் கேட்டார்.

“காருக்குப் பூசியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏன் பூசவில்லை?”

காணிக் கந்தோரில் சிங்களத்தில் எத்தனை ஆயிரம் கடிதம் எழுதியவன், லேஞ்சியை எடுத்து மொட்டை நெற்றியை மூன்றாம்தரம் துடைத்தேன். பின்னால் கதவு திறந்து தர்சினி இறங்கி வந்து, என்னைவிட நல்ல சிங்களத்தில் சொன்னாள்: “எங்களுக்குப் பயம் மாத்தயா. காருக்கு இன்னும் பழகவில்லை.”

அவர் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்தார். ஆனால் அதற்குள் மற்றவர் டிக்கியைத் திறந்து ரின்னையும் போத்தலையும் கண்டுவிட்டார். வெள்ளைப் பொடி, ஒரு எண்ணெய், மூன்று வகை சாண்ட் பேப்பர். இது என்ன என்றார்கள். அளு, சாம்பல் என்றேன். என்ன சாம்பல்? மாட்டுச் சாணம். சாணச் சாம்பலை ஏன் கொழும்புக்குக் கொண்டுபோகிறீர்? மகளின் கலியாண விடயம். நான் வாயைத் திறக்கத் திறக்க விடயம் மோசமாகிக்கொண்டு போனது. தர்சினியின் கைத்தொலைபேசியையும் வாங்கி வைத்துவிட்டு, பொலிஸ் பெரியவர் வந்து பார்க்கட்டும் என்று மர வாங்கில் இருத்தினார்கள். அதனால்தான் தங்களுக்கு அறிவிக்க முடியவில்லை. பெரியவர் வர ஐந்து மணி. நான்கு மணி ஆனபோது கமலாசனி மணிக்கூட்டைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதா.

பெரியவர் ரின்னை மணந்து பார்த்து, சாமிச் சாம்பல் என்றால் பூசிக் காட்டுங்கள் என்றார். தர்சினி முதலில் எழும்பிப் போய் மூன்று விரலையும் விட்டு நெற்றி நிறையப் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டாள். பிறகு தாய்க்குப் பூசினாள். பிறகு எனக்கு. வரிசையில் நின்ற இரண்டு பஸ்ஸும் ஒரு மரக்கறி லொறியும் பார்த்துக்கொண்டிருந்தன. ஆறு மணித்தியாலம் பயந்ததில் வராத வெட்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. பிள்ளையின் நெற்றியைக் காலையில் அழிப்பித்தவன் நான்.

எங்களை விட்டுவிட்டார்கள். ரின்னை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பவேண்டுமாம். ஆகவே நல்லூரான் கொழும்புக்குப் போய்விட்டார், நாங்கள் போகவில்லை. இருட்டுகிற நேரம், புகார், மழைத் தூறல், வீட்டுக்குத் திருப்பினேன். லைற்றைப் போட்டால், ஒருக்காலும் இல்லாத வெளிச்சம். அதன் நடுவில் மூன்று கறுப்புக் கோடு. முன்னால் போன பஸ்ஸின் முதுகில் அது விழுந்து, பிலிமத்தலாவை வரைக்கும் அந்த பஸ் குறியோடுதான் போனது. பின் சீற்றில் தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தங்களுக்கு எடுத்தபோது ஒருவரும் எடுக்காததில் அந்தச் சிரிப்பு நின்றது.

ஆகவே அண்ணர், இருபத்தெட்டுக்கு முன் ஒரு நாள் தாருங்கள். ரயிலில் வருகிறோம். என் விசர்த்தனத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம். அவள் வாய்க்காரி என்று இந்தக் கடிதத்தில் தெரிந்திருக்கும், அதையும் மறைக்கவில்லை. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தங்கள் முழங்காலுக்கும் குறைவு வராமல், மகனின் பயணம் நல்லபடி அமையப் பிரார்த்தித்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் சம்பந்தியாகும் ஆசையை இன்னும் விடாத,
வே. விமலநாதன்

பி.கு: மேலே எழுதியது முழுவதும் இரத்து. முத்திரை ஒட்டிக் கேற்றைத் திறந்தால் வெளியே தங்கள் மகன் நிற்கிறார், கொழும்பு பஸ்ஸில் தனியே வந்து, கையில் தங்கள் கடிதம். “நான்கு மணிக்கு வந்து பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றிருப்பீர்கள், என்ன முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்” என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளி விடியவே பொலிசும் ஆமியும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, தங்களையும் வீட்டு உடுப்போடு அக்காவையும் இலண்டன் பாஸ்போட்டோடு மகனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சனிக்கிழமைதான் விட்டார்களாம், பிறகு பயத்தில் வீட்டுக்குப் போகாமல் கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறீர்களாம். வெறும் வீட்டுக்கு அடித்துவிட்டு நாலு நாளாகத் தங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதையும் மன்னிக்கவும். தங்கள் மகனும் தர்சினியும் இப்போது காருக்கு முன்னால் குந்தியிருந்து எறும்பைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள், தேத்தண்ணீர் ஆறுகிறது. இதை மகன் கையிலேயே கொடுத்து விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வாருங்கள். பேராதனை ஸ்ரேசனுக்குக் காரோடு வருவேன், நெற்றியில் குறியோடு நிற்பேன். நாள் குறிக்கிற அன்று பூச வீட்டில் விபூதி இல்லை; வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவாருங்கள்.