சம்பந்தி கொடுத்த லவ் பேர்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று விரும்புகிறோம். இங்கே என் வலது கைக் கட்டைவிரல் நீங்கலாக மற்ற எல்லோரும் சுகம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகளைச் சொல்லவும். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. நிற்க என்று எழுதும்போது நான் உண்மையிலேயே நின்றுகொண்டுதான் இருக்கிறேன். என் நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் அன்போடு கொடுத்த பறவையை, அதே அன்போடு தங்களிடமே திருப்பி ஒப்படைக்க விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இந்தப் பக்கம் வருவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். கூண்டோடு எடுத்துச் சென்றால் நன்றியுடையவனாக இருப்பேன். காரணம் சொல்லாமல் கொடுத்தால் சம்பந்திகளுக்குள் வீண் மனத்தாங்கல் வரும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகளை அனுப்பிவைத்த பிறகு எங்கள் வீடு எப்படி இருந்தது என்று தாங்களே பார்த்தீர்கள். வந்து உட்கார்ந்து ஒரு காபி குடிப்பதற்குள், "என்ன சம்பந்தி, தையல் மெஷின் சத்தத்தை விட்டா வேற சத்தமே காணோம்" என்றீர்கள். அடுத்த முறை வந்தபோது கையில் கூண்டு. பச்சை உடம்பும் ரோஜா முகமுமாக உள்ளே ஒரு லவ் பேர்டு. "ஒரே வாரத்துல கையில வந்து உட்காரும் பாருங்க" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டீர்கள். வங்கி மேலாளராக இருந்தவர் வாக்கு வீண்போகாது என்று நம்பி நானும் கையை உள்ளே விட்டேன். பேருதான் லவ் பேர்டு. கட்டைவிரல் கதை அங்கே ஆரம்பித்தது. நான் விவரமானவன் அல்லவா, ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுகிற இரும்புக் குப்பியை மாட்டிக்கொண்டு மறுபடி விட்டேன். அது குப்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, குப்பி இல்லாத பக்கத்து விரலாகப் பார்த்துக் கடித்தது. என் மனைவி கதவருகே நின்று, "எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உங்க வேலை ரூமோட வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பறவைக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "கையை நீட்டாதீங்க சார். பக்கத்துல உட்கார்ந்து உங்க வேலையைப் பாருங்க. முதல்ல அது உங்களைப் பார்த்து முடிக்கட்டும்" என்றார். அதன்படி கூண்டை வெட்டு மேசைக்குப் பக்கத்தில் என் கண் உயரத்துக்கு வைத்தேன். தினமும் தண்ணி மாத்தி, தினை போட்டு, அடியில விரிச்ச பேப்பரை எடுத்துட்டு, நான் பாட்டுக்குத் துணி வெட்டிக்கிட்டு இருந்தேன். சம்பந்தி, இத்தனை வருஷத்தில் நான் வெட்டுவதை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தலையை ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு, கத்திரிக்கோல் போற வழியெல்லாம் அந்தக் கண்ணும் கூடவே போகுது. கழுத்து வளைவு திரும்புற இடத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்கிட்ட வேலை கத்துக்க வந்தவங்க எல்லாம் ஜன்னலைப் பார்த்தவங்கதான்.

இருந்தும் கைக்கு வரவில்லை. கடைக்காரரிடம் திரும்பப் போனேன். "அப்போ இறக்கையில நாலு இறகை வெட்டி விட்டுடுங்க. பறக்காது, தானா பழகிடும். கட்டிங் மாஸ்டருக்கு நான் சொல்லித் தரணுமா" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மெல்லிய துணியில் அதைச் சுற்றிப் பிடித்து, சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு இறக்கையை விரித்தேன்.

விரிச்சிருக்கவே கூடாது. மேல பச்சை, ஓரத்துல கறுப்பு, முதுகுக்கடியில யாருக்கும் தெரியாம மறைச்சு வச்ச மாதிரி ஒரு நீலம். ஒவ்வொரு இறகும் அடுத்ததுக்கு மேல எவ்வளவு ஏறணுமோ அவ்வளவுதான் ஏறியிருக்கு. தையல் இல்லை, ஒட்டு இல்லை, எங்கேயும் ஒரு சுருக்கம் கிடையாது. கோட்டோட தோள்பட்டை ஒண்ணை இப்படி உட்கார வைக்க நான் படாதபாடு பட்டிருக்கேன். யார் வெட்டின வெட்டோ, அதுல போய் நான் கத்திரி வைக்கிறதா? கத்திரியைக் கீழே வச்சுட்டு, துணியைப் பிரிச்சு விட்டுட்டேன். அது போய் ஜன்னல் கம்பியில உட்கார்ந்து இறகைக் கோதிக்கிட்டு ரொம்ப நேரம் என்னைப் பார்த்துச்சு. சாயங்காலம் நான் சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு இருக்கும்போது மணிக்கட்டுல என்னமோ ஊர்ற மாதிரி இருந்துச்சு. பார்த்தா, அதுதான். நான் அப்படியே அசையாம இருந்தேன். அதோட நெஞ்சு அடிக்கிறது என் நரம்புல தெரியுது. அந்தச் சாக்பீஸ் கோட்டை நான் இன்னும் முடிக்கவில்லை.

அன்று முதல் கூண்டுக்குக் கதவு இருந்தும் பிரயோஜனமில்லை. வக்கீல் ஒருவருடைய கறுப்பு கோட்டுக்கு அளவெடுத்து, பழுப்புக் காகிதத்தில் மாதிரி வெட்டி மேசையில் வைத்திருந்தேன். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா, வலது கையைக் காணோம். இது காகித ஓரத்துல உட்கார்ந்து, அலகாலே தட்டச்சு அடிக்கிற மாதிரி டக்டக்குனு துளை போட்டு, நீள நீளமா பட்டை உரிக்குது. உரிச்ச பட்டையை முதுகுப்பக்கம் இறகுல செருகிக்கிட்டு அடுத்ததுக்குப் போகுது. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஒரு பட்டையை எடுத்து டேப் வைத்து அளந்தேன். அடுத்ததையும் அளந்தேன். நூல் பிசகவில்லை. கோடு இல்லை, அடிக்கோல் இல்லை, வெறும் வாயால வெட்டினது, சம்பந்தி. நான் அன்றைக்குக் கத்திரிக்கோலைத் தொடவில்லை. வெட்கமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். என் மனைவி இப்போது "மாஸ்டர்" என்று கூப்பிட்டால் எங்கள் இருவரில் யாரை என்று பார்த்துத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

வக்கீல் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்த அன்றுதான் வினை. அவர் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றார். இது பறந்துபோய்த் தோளில் உட்கார்ந்து, முதலில் ஒரு பொத்தானைக் கழற்றியது, பிறகு கறுப்பில் வெள்ளையாக ஒரு அடையாளமும் வைத்தது. "என்னய்யா இது" என்று அவர் பதறிக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓட, அவர் தோளில் இதுவும் போய்விட்டது.

நான் போய்ப் பார்க்கும்போது எதிர்வீட்டு மாடிக்கும் மேலே மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. தெருவே கூடிவிட்டது. நான் தினையைக் காட்டினேன், காகிதத்தைக் காட்டினேன், அரைக் கோட்டோடு வக்கீலும் பக்கத்தில் நின்று விசிலடித்தார். அது எங்களைப் பார்க்கவேயில்லை. வானம் பூரா அதுக்குத் திறந்து கிடக்கு. இறக்கையும் முழுசா இருக்கு, வெட்டாம விட்டவன் நான். தினைக் கிண்ணத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்னேன். அப்போது என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மேலே பார்த்து, மகளைப் பள்ளிக்கூட நாளில் விளையாட்டிலிருந்து கூப்பிடுவாளே அந்தக் குரலில், "போதும், வா, சாப்பிடணும்" என்றாள். அவ்வளவுதான். கம்பியை விட்டுச்சு, தெருவை ஒரு சுத்துச் சுத்துச்சு, நேரா வந்து அவ கொண்டைமேல உட்கார்ந்துச்சு. அவள் தலையை ஆட்டாமல் நின்று, "என்னங்க இது, கனமே இல்லை" என்று மெதுவாகச் சொன்னாள். கூண்டை ஒருநாள்கூடத் தொடாதவள் அவள்.

இதனால்தான் கேட்கிறேன். இன்னொரு தடவை அப்படி அண்ணாந்து நிற்க எனக்குத் தெம்பில்லை. ஏற்கெனவே ஒருத்தியை அனுப்பிவிட்டு இருக்கிறோம். போகிறதானால் தங்களோடு, தெரிந்த வீட்டுக்கே போகட்டும்.

சின்னவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நெடுநாள் வாழ வாழ்த்துகிறேன். தங்கள் இருவருக்கும் எங்கள் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த
கட்டிங் மாஸ்டர்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "யாரைக் கேட்டு எழுதினீங்க" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். ஆகவே கூண்டை எடுக்க வர வேண்டாம். தவிர, காகிதத்தைக் கிழித்து முதுகில் செருகிக்கொள்வது கூடு கட்டுவதற்காம், பெரும்பாலும் பெண்தான் அப்படிச் செய்யுமாம், கடைக்காரர் இப்போதுதான் சொன்னார். வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் வேறு யாரிடம் போய்க் கேட்பது? சென்ற முறை தாங்கள் கொடுத்த மாப்பிள்ளை எங்களுக்குப் பரம திருப்தி. ஞாயிற்றுக்கிழமை வரும்போது அதேபோல் நல்ல பையனாக ஒருவனைப் பார்த்துக் கொண்டுவரவும். நிறம் எதுவானாலும் பரவாயில்லை. பையன் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் நிபந்தனை.