முள் இறங்காத சிலிண்டர்

வாயுக்கள் பாடத்தை என்னளவுக்குத் தெளிவாக நடத்த விருதுநகரிலேயே ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். (மாணவர்கள் அப்படி நம்பவில்லை என்பது பரீட்சைத் தாள் திருத்தும்போது தெரியும்.)

அந்தத் திமிரில்தான் வீட்டு கேஸ் சிலிண்டருக்கு ஆன்லைனில் ஒரு அழுத்தமானி வாங்கி மாட்டினேன். வாயு பாதி தீர்ந்தால் அழுத்தமும் பாதியாகும், முள் இறங்குவதைப் பார்த்துப் புதுசு புக் பண்ணிவிடலாம் என்பது என் கணக்கு. ஐந்து வாரம் ஆகியும் முள் இம்மியும் இறங்கவில்லை.

அம்மாவுக்குச் சந்தேகம். "ஏலே, அசைச்சுப் பாத்தா லேசா இருக்கே. நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வாராக."

"கைக்குத் தெரியுறதெல்லாம் கணக்காம்மா? முள்ளைப் பாரு, அம்புட்டும் அப்படியே இருக்கு" என்றேன்.

அதோடு விட்டேனா? பக்கத்து வீட்டு டீச்சர் அவசரம் என்று கேட்க, எங்கள் மாற்று சிலிண்டரை நானே தூக்கிப்போய்க் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய்விட்டார்.

பெண் வீட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பெண் பார்க்கப் போனபோதே மாரீஸ்வரியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கல்யாணம். அவளுடைய அப்பா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். ஒரு சின்னக் கணக்குத் தப்பினாலும் என்ன ஆகும் என்று தெரிந்து வேலை பார்க்கிற மனுஷர்.

கேசரி தயார். எண்ணெயில் முதல் ஈடு வடை விழுந்தது. வேகுமுன்பே அடுப்பு அணைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

எனக்குப் பின்னாலேயே போர்மேனும் வந்துவிட்டார். "இது என்ன தம்பி, கேஸ்ல புதுசா ஒரு சாமான்?"

விளக்க வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. புத்தகத்தில் வருகிற நல்லியல்பு வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சட்டை செய்வதில்லை. நிஜ வாயுவில் அவை ஒன்றையொன்று ஈர்க்கும். அழுத்தினால் நெருங்கித் திரவமாகிவிடும். சிலிண்டருக்குள் ஒரு கரண்டித் திரவம் மிச்சமிருந்தாலும் அது ஆவியாகி அதே அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதுவும் தீர்ந்த பிறகுதான் முள் விழும்; அதுவரை குறைவது எடை மட்டும்தான். முந்தின வாரம்தான் பதினொன்றாம் வகுப்புக்கு இதைப் படம் போட்டு நடத்தியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரெகுலேட்டர் கோளாறு என்று மழுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் பார்த்த பார்வையில் அது வாயில் வரவில்லை.

"என் கணக்குத்தான் சார் தப்பு. அம்மா சொன்னாங்க, நான் கேக்கல."

"மொதல்ல அந்தச் சாமானைக் கழட்டிருங்க" என்றார். கழற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "தப்பு பண்ணினா வந்து சொல்றவனை வச்சு வேலை பாத்துரலாம்மா. மறைக்கிறவனைத்தான் நான் கம்பெனிக்குள்ள விடமாட்டேன். தேதி பாத்துருவோமா?"

அன்று எல்லோரும் கடையில் வாங்கிய எண்ணெய் புரோட்டா சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாக அதற்குப் பிறகு எந்தப் புரோட்டாவும் அமையவில்லை.

கல்யாணத்தில் சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு எடை மெஷின் இருந்தது, மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்து. மாமனார் வேலை. பந்தியில் யாரும் அதைத் தவிர வேறு பேசவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிலிண்டர் அதில் ஏறுகிறது, அடுத்து நான் ஏறுகிறேன். இரண்டையும் குறித்துவைப்பவள் மாரீஸ்வரி.

"சிலிண்டர் ஒழுங்கா எறங்குது" என்பாள், வந்த விருந்தாளிகள் காதில் விழும்படி. "நீங்கதான் எறங்க மாட்டேங்கிறீக."