மாதிரிப் பயனாளி சாப்பிட்ட கதை

நாட்டில் உள்ள நாய்க்குட்டிகள் யாவும் இனிமேல் கண்டதைத் தின்று வளரக் கூடாது என்று செல்லப்பிராணிகள் ஊட்டச்சத்து இயக்ககம் முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்துக்கு நாய்க்குட்டிகள் எதுவும் வரவில்லை. யாரும் அழைக்கவும் இல்லை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு முடிவு எப்படித்தான் வரும்?

இதற்கெல்லாம் மூலகாரணம் இயக்குநர் போய்வந்த வெளிநாட்டு மாநாடு. அங்கே மதிய இடைவேளையில் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அவித்த பூசணி, அரைத்த கேரட், முளைகட்டிய பயறு, ஓட்ஸ், மேலே ஏதோ விதைப் பொடி. அது மனிதர்களுக்கு வைத்ததா, நாய்களுக்கு வைத்ததா என்று அவருக்குச் சரியாக விளங்கவில்லை. மாநாடு இரு தரப்பாரைப் பற்றியும் நடந்தது. கேட்டால் நாகரிகம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஊர் திரும்பியதும் அதற்குச் ‘சமச்சீர் உணவு’ என்று பெயர் சூட்டினார். ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்குத்தான் கீழே ஆட்கள் இருக்கிறார்களே.

அந்த மீதிப் பாதி உதவியாளரின் தலையில் விழுந்தது. இரண்டாம் மாடியில், ஜன்னல் திறக்காத மூலையில் உட்கார்ந்திருப்பவர் அவர். மனைவியும் மகளும் சொந்த ஊரில் இருந்தார்கள். மனைவிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. இவர் இங்கே ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றுகொண்டு காலம் தள்ளினார். மகளைப் பள்ளியில் சேர்த்தபோதும் கூட இல்லை, அவளுக்கு முன்பல் விழுந்தபோதும் கூட இல்லை. விழுந்த பல்லைப் போனில்தான் பார்த்தார். சொந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு அவர் கொடுத்த மனு, இயக்குநர் மேஜையில் பூச்சாடிக்கு அடியில், தண்ணீர்க் கறை படிந்து கிடந்தது.

“உன் மாற்றல்தானேய்யா?” என்றார் இயக்குநர். “நம்ம குட்டி ஒழுங்கா சாப்பிடட்டும். அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

நம்ம குட்டி என்று அவர் சொன்னது, திட்டத்துக்காக இயக்ககம் தத்தெடுத்த ஒரு செம்பட்டை நாய்க்குட்டியை. ஒரு காது விறைத்து நிற்கும், இன்னொரு காது மடங்கிக் கிடக்கும். ஆவணங்களில் அதற்கு ‘மாதிரிப் பயனாளி’ என்று பெயர். அது சாப்பிட்டுக் காட்டினால் திட்டம் நாடெங்கும் பரவும். சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்பதை எவரும் யோசிக்கவில்லை; அப்படி யோசிப்பது திட்டத்துக்கு எதிரானது.

முதல் நாள் ஊழியர்கள் சூழ்ந்து நிற்க, உதவியாளர் கிண்ணத்தை வைத்தார். பயனாளி வந்தது. முகர்ந்தது. தும்மியது. பிறகு திரும்பிப் போய் இயக்குநரின் செருப்பை மெல்ல ஆரம்பித்தது.

“பசிச்சா தானா தின்னும்,” என்றார் இயக்குநர், செருப்பைப் பிடுங்கிக்கொண்டு.

பசித்தது, ஆனால் அது தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டு மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டது. மதியம் உதவியாளர் கோப்பு அறையில் தன் டப்பாவைத் திறந்தார். சோறு, ஒரு அவித்த முட்டை, நேற்று மிச்சமான கோழித் துண்டு. அலமாரிகளுக்கு நடுவே இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. மனிதனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதே. பாதியைப் பிசைந்து மூடியில் போட்டார். மூடி பளபளவென்று ஆனது. “இதை வெளிய சொல்லிடாத,” என்று அதனிடம் கெஞ்சினார். அது அவர் கையை நக்கியது.

வெளியில் கிண்ணம் நிறைந்தபடியே இருந்ததால் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவுக்கு ஓர் ஆலோசகர் வேண்டுமல்லவா, அவரும் வந்தார். உணவைப் பற்றித் தினமும் காணொளி போடுகிற பெண்மணி. அவர் பேச்சைக் கேட்டு ஊரில் பாதிப் பேர் காலையில் சாப்பிடுவதை விட்டிருந்தார்கள், மீதிப் பேர் இரவில் விட்டிருந்தார்கள். பயனாளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“இதோட பிரச்சனை பசி இல்ல, சார். உணவோட இதுக்கு இருக்கிற உறவு சரியில்ல.”

“உறவா?”

“ஆமா. தட்டை எதிரியாப் பாக்குது.”

“அது தட்டைப் பாக்கவே மாட்டேங்குது, மேடம்,” என்றார் உதவியாளர்.

“அதான் சொல்றேன். அவ்வளவு ஆழமான பகை.”

பகையைத் தீர்க்க எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துவிட்டு மண் கிண்ணம் வைத்தார்கள். மண் கிண்ணம்தான் இப்போது எல்லாப் பெரிய வீடுகளிலும் வைக்கிறார்களாம். மெல்லிய குழலிசை போட்டார்கள். பயனாளி ஒலிபெருக்கியின் ஒயரைக் கடித்துத் துப்பியது. ‘பயனாளி இன்று வாய் திறந்து ஒரு பொருளை உட்கொள்ள முன்வந்தது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று குழு பதிவுசெய்தது. சோற்றில் பிசைந்து கொடுக்கலாமே என்று கண்காணிப்பாளர் யோசனை சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்? பயனாளி சோற்றை மட்டும் நக்கித் தின்றுவிட்டு, பூசணித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் துப்பி வைத்தது. அந்த அலுவலகத்தில் வேறெந்த வேலையும் அவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை.

“நாம முன்மாதிரியா இருக்கணும்,” என்றார் ஆலோசகர். “நாம சாப்பிடறதைப் பாத்தாதான் அது சாப்பிடும்.”

ஆக, மறுநாளிலிருந்து மதிய வேளையில் கூட்ட அறையில் ஜமக்காளம் விரிக்கப்பட்டது. பதவி வரிசைப்படி அதிகாரிகள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு மண் கிண்ணம். நடுவில் பயனாளி. இயக்குநர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். அவர் தொண்டையில் அது இறங்கிய விதத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

“அருமை,” என்றார் இயக்குநர், கண்ணில் நீர் மல்க.

“அமிர்தம், சார்,” என்றார் இணை இயக்குநர்.

“உடம்பே லேசாயிட்ட மாதிரி இருக்கு,” என்றார் கண்காணிப்பாளர். அவர் இன்னும் வாயில் வைக்கவே இல்லை.

பயனாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனது. அந்தக் கட்டடத்தில் பொய் சொல்லத் தெரியாத ஊழியர் அது ஒன்றுதான். அதனால்தான் அதற்குப் பதவி உயர்வு கிடையாது.

நாய்க்குட்டியிடம் பலிக்காத வித்தை மனிதர்களிடம் நன்றாகப் பலித்தது. இயக்குநர் சாப்பிடுகிறார் என்றதும் இணை இயக்குநர் வீட்டிலும் அதே கிண்ணம். அவர் வீட்டம்மா படம் எடுத்துப் போட, கணக்குப் பிரிவில் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். கேன்டீனில் வடைச்சட்டியை இறக்கிவிட்டுப் பூசணி அவித்தார்கள். சோற்று டப்பா கொண்டுவருகிறவனைப் பட்டிக்காட்டான் மாதிரிப் பார்த்தார்கள். உதவியாளர் தன் டப்பாவைக் குற்றவாளி போலக் கோப்பு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு ஜீவன் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது.

இதற்கிடையில் ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘மாலையில் ஆய்வு செய்யும்போது கிண்ணம் காலியாக இருப்பின், உணவு உட்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும்.’ யாரால் என்று அதில் சொல்லப்படவில்லை. உதவியாளர் புத்திசாலி. முதலில் வராந்தாச் செடித்தொட்டிகளில் கொட்டினார். செடிகள் அழுகி நாற ஆரம்பித்ததும் வேறு வழி தெரியாமல் தானே தின்றார். தன் டப்பாவில் இருந்ததை முழுவதுமாகக் குட்டிக்குப் போட்டார். குட்டியின் கிண்ணத்தில் இருந்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். பயனாளியின் மயிர் மினுமினுத்தது. உதவியாளருக்கு இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து எடை பார்த்தார்.

“நல்லா தேறியிருக்கே. என்ன குடுக்கறீங்க?”

உதவியாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். “டாக்டர், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, தினமும் சோறும் முட்டையும்—”

“வேணாம்,” என்று மருத்துவர் கையைக் காட்டினார். “எனக்குத் தெரியவே வேணாம். சமச்சீர் உணவாலதான் தேறுச்சுன்னு சான்றிதழ் ஏற்கனவே அச்சடிச்சாச்சு. எடையை மட்டும்தான் நான் நிரப்பணும்.”

உண்மையைச் சொல்லிவிட உதவியாளர் இன்னொரு முறையும் பார்த்தார். மனசு உறுத்தியது என்றுகூடச் சொல்லலாம். இயக்குநர் அறைக்குப் போய், “சார், குட்டி விஷயமா ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தார். இயக்குநர் சிரித்தபடி பூச்சாடியை நகர்த்தினார். மாற்றல் கோப்பு வெளியே தெரிந்தது.

“துறைச் செயலர் வர்ற வாரம் நேர்ல பாக்க வராரு. அவரு திருப்தியாப் போயிட்டாருன்னா, மறுநாளே நீ ஊருக்குக் கிளம்பலாம். என்ன சொல்ல வந்தே?”

“நல்லா சாப்பிடுது, சார்,” என்றார் உதவியாளர்.

செயலர் வந்தார். கூட்ட அறையில் பூமாலை, கேமரா, புதுக் கிண்ணம், குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பயனாளி. கிண்ணத்தை உதவியாளரே கொண்டுவந்து வைத்தார். பயனாளி கிண்ணத்தை முகர்ந்தது. பிறகு அதற்குத் தன் பின்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்து, முட்டை இருக்கிறதா என்று உதவியாளரின் கால்சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சாப்பிடலையே?” என்றார் செயலர்.

இயக்குநர் சும்மா இயக்குநர் ஆகிவிடவில்லை. “அதான் சார் இதோட சிறப்பே,” என்றார். “சமச்சீர் உணவு உடம்புல சேரச் சேர, போதும்ங்கிற மனசு வந்துடும். இப்ப பாருங்க, பாத்த உடனே அதுக்குத் திருப்தி ஆயிடுச்சு.”

“சாப்பிடாமலேயா?”

“சாப்பிடாமலே, சார். எடையும் குறையல. சான்றிதழ் இருக்கு.”

செயலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வைத்தால் போதும், தின்ன வேண்டியதில்லை, எடையும் குறையாது. இப்படி ஓர் உணவுக்காக அவருடைய துறை எத்தனை காலமாகத் தவம் கிடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். “இதை எதுக்கு நாயோட நிறுத்தறீங்க?” என்று கேட்டார். “பள்ளிக்கூடப் பிள்ளைங்க சாப்பாட்டுல கை வைக்கலாமே.” எல்லோரும் கைதட்டினார்கள். உதவியாளரும் தட்டினார், மாற்றல் கிடைத்துவிடும் என்ற சந்தோஷத்தில் மற்றவர்களை விடப் பலமாகவே தட்டினார்.

மறுநாள் இயக்குநர் அவரைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். கோப்பில் கையெழுத்து விழுந்திருந்தது.

“உங்க ஊருக்கு மாற்றல் போட்டாச்சுய்யா.”

“ரொம்ப நன்றி சார். நாளைக்கே கிளம்பிடறேன்.”

“உனக்கில்ல. பயனாளிக்கு. அந்த ஊர்லதான் முதல் பள்ளிக்கூடம் தேர்வாகியிருக்கு. அதைப் பாத்துப் பிள்ளைங்க கத்துக்கணும் இல்ல? ஆனா உன்னை நான் எப்படி விட முடியும்? அடுத்த குட்டி வருதுய்யா. உன்னை மாதிரி ஊட்டி வளக்க இங்க வேற யாரு இருக்கா?”

பயனாளி அரசு வண்டியின் பின்சீட்டில் ஊருக்குப் போனது. உதவியாளர் படிக்கட்டில் நின்று வழியனுப்பினார். சில நாட்கள் கழித்து, மதியம் கூட்ட அறையில் எல்லோரும் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, பள்ளிக்கூடத்துல ஏதோ பூசணிக் களி போடறாங்களாம். ஒரு பிள்ளையும் வாயில வைக்கல. வீட்டுலேர்ந்து டப்பா குடுத்தா வாசல்லயே பிடுங்கிடறாங்க.”

“பிடுங்கி என்ன பண்றாங்க?”

“அங்க ஒரு நாய் இருக்காம், அதுக்குப் போடறாங்க. அது நல்லா மொழுமொழுன்னு இருக்காம். பாருங்க, சமச்சீர் உணவு தின்னு எப்படி வளந்திருக்குன்னு டீச்சர் அதையே காட்றாங்களாம். நீங்க அதுக்குக் கிண்ணம் வைக்கிற போட்டோ வேற சுவத்துல ஒட்டியிருக்கு. எங்கப்பான்னு நம்ம பொண்ணு போய் பெருமையாச் சொல்லியிருக்கா. இப்ப ஒரு பிள்ளையும் இவகிட்ட பேசறதில்ல. இந்தாங்க, அவளே பேசணுமாம்.”

போனில் மகளின் மூச்சு கேட்டது. “அப்பா, அந்த நாய் நிஜமாவே இதைத் தின்னுச்சா?”

உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்கம் கண்காணிப்பாளர், எதிரே இணை இயக்குநர், நடுவே இயக்குநர். எல்லோரும் மென்றுகொண்டே அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவர்கள் யாரும் அவரை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூட ஒருவேளை அவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.

“தின்னுச்சும்மா. ருசிச்சுத் தின்னுச்சு.”

“அப்ப என் நாக்குலதான் கோளாறாப்பா?”

உதவியாளர் வாயில் இருந்ததை விழுங்கினார்.

“போகப் போகப் பழகிடும்மா,” என்றார். “இங்க எங்க எல்லாருக்கும் பழகிடுச்சு.”