‘சாப்பிட்டாச்சு’க்காரரின் ஐந்து சென்டிமீட்டர் முடி

மனிதர்களில் ‘சாப்பிட்டாச்சு’க்காரர் என்று ஓர் இனம் உண்டு. கிள்ளானிலிருந்து ரவாங் வரை எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒருவராவது அகப்படுவார். நீங்கள் “சாப்...” என்று வாயைத் திறக்கும்போதே “ஆச்சு, ஆச்சு” என்று கையை ஆட்டுவார், எப்போது என்றால் “இப்பத்தான்” என்பார், என்ன சாப்பாடு என்று கேட்டால்தான் அவருடைய முழுத் திறமையும் வெளியே வரும். வயிறு காலியாக இருக்கும்போது கற்பனைக்கு என்ன குறை?

பிரிக்பீல்ட்ஸ் சிவநேசன் இந்த இனத்துக்குத் தலைவர். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்வுபெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் மனைவி தனலெட்சுமி, ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்த பேரனைப் பார்த்துக்கொள்ள பெர்த்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். விமான நிலையத்திலேயே, “நீங்க ஒழுங்கா சாப்டலன்னு தெரிஞ்சுச்சு, அடுத்த ஃபிளைட்டுல வந்துருவேன்” என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற பெண்மணி. ஆகவே தினமும் போனில் தெங்கிரி மீன் குழம்பு, ஆட்டுப் பெரட்டல் என்று மணக்க மணக்கப் பரிமாறிவிட்டு, சிவநேசன் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைப் பாலில்லாத, சீனி தூக்கலான தே ஓவில் முக்கித் தின்பார். சமைக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நுணலும் தன் வாயால் கெடும். மகள் வாணி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒருநாள் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்து நின்றாள்.

“அப்பா, தினமும் மீன் சாப்புடுறீங்கன்னு அம்மா சொன்னாங்க. அந்த மாதிரி ஆளோட முடி எனக்கு வேணும். நீங்கதான் சரியான சாம்பிள்.”

“முடியில என்னம்மா இருக்கு?”

“எல்லாம் இருக்குப்பா. மீனு, கறி நிறையத் தின்னா முடியில கனமான நைட்ரஜன் கூடும். எந்த ஊருத் தண்ணி குடிச்சீங்கன்னுகூட ஓரளவு தெரியும். ஒரு சென்டிமீட்டர்னா ஒரு மாசம்.”

“அப்ப பாஸ்போர்ட் மாதிரி லா” என்றார் சிவநேசன்.

அடுத்த ஞாயிறு வரச் சொல்லி அவகாசம் வாங்கிக்கொண்டார். அந்த ஏழு நாளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையே கதி: மதியம் மீன்தலைக் கறி, இரவு ஆடு, இடையில் பொரித்த கணவாய், ஆறாம் நாள் வயிற்றுப்போக்கு. பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் தேடும் பிள்ளையும் இவரும் ஒன்று. அந்த ஏழு நாள் தீனி மண்டைத் தோலைத் தாண்டி வெளியே வரவே நாளாகும் என்று அவருக்கு யார் சொல்வது? அதோடு, முடிவெட்டிக்கொள்ளச் சொல்லி விரட்டத் தனலெட்சுமி இல்லாததால் பிடரியில் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்து கிடந்தது. ஐந்து மாதத்துக் கதையும் அதில் இருந்தது. ஞாயிறன்று வாணி அதிலிருந்து ஒரு கற்றையை வெட்டிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து வாணி ஒரு தாளோடு வந்தாள். அதிலிருந்த நைட்ரஜன் கோடு இரண்டு மாதம் உயரத்தில் ஓடி, பிறகு சரிந்து தரையோடு ஊர்ந்தது.

“அம்மா போனதுலருந்து மீனே இல்ல. என்னதான்பா சாப்டீங்க?”

“பிஸ்கட்டுதான் லா.”

அவள் பெர்த்துக்கு அழைக்கப் போனை எடுத்தாள். சிவநேசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மாகிட்ட சொல்லாதம்மா. ஒம்போது வருஷம் கோயில் கோயிலா ஏறி இறங்குனா. இப்பத்தான் அந்தப் புள்ள அவ மடியில தூங்குது. எனக்காக அத விட்டுட்டு வரணுமா?”

வாணிக்குக் கண் கலங்கிவிட்டது. போன் கையிலேயே நின்றது. அந்த இடைவெளியில் தகப்பன் கேட்டார்:

“சரி, நீ மத்தியானம் சாப்டியா?”

“ஆச்சுப்பா.”

“என்ன?”

“தெங்கிரி மீன்” என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

சிவநேசன் எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். “உக்காரு. ஒன் முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. எத்தன வருஷம்னு பாப்போம்.”

வாணி போனைப் பைக்குள் போட்டாள். அரை மணி நேரத்தில் இருவரும் வாழையிலைக் கடையில் இருந்தார்கள். பாதிச் சோற்றில் பெர்த்திலிருந்து அழைப்பு வந்தது.

“என்னங்க, சாப்டீங்களா?”

“சாப்டுக்கிட்டுதான் இருக்கோம்” என்றார் சிவநேசன். அந்தப் பரீட்சை வாரம் போக, மனைவி போனதிலிருந்து போனில் அவர் சொன்ன முதல் உண்மை அது. “நீ சாப்டியா?”

“எனக்கென்ன, அப்பவே ஆச்சு” என்றார் தனலெட்சுமி. பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது.

தகப்பனும் மகளும் இலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரித்தது போதும். கடைசியாக உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அப்படியா, நல்லது. எதற்கும் தலைமுடியைச் சீக்கிரம் வெட்டிக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமையும் முடிவெட்டும் கடை திறந்திருக்கும்.