மார்க் ஏறாத ஊசி

மனித குலம் கண்ட மாபெரும் அமைப்புகளை வரிசைப்படுத்தினால், எங்கள் பெண்கள் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டாக வேண்டும். அவசரப்பட்டு முடிவெடுத்தோம் என்ற பழி எங்கள் மேல் கிடையாது. பள்ளிக் குழாய் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால், அது ஒழுகுகிறதா அல்லது சொட்டுகிறதா என்று ஆராய முதலில் துணைக்குழு அமைப்போம். சங்கத்தில் அம்மாக்களுக்கும் சம உரிமை உண்டு. கூட்டத்துக்கு டீ அவர்கள்தான் ஏற்பாடு செய்வார்கள்.

இந்தச் சங்கத்தின் செயலாளர் நான். பிழைப்புக்கு ஆயுள் காப்பீடு விற்கிறேன். அதாவது, நாளைக்கு என்ன ஆகுமோ என்று பிறரைப் பயமுறுத்திச் சாப்பிடுகிறவன்.

ஒருநாள் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா எங்கள் கூட்டத்துக்கு வந்தார். பதினான்கு வயது வரையுள்ள பெண்களுக்கு ஊசி போடப்போகிறார்களாம், இலவசமாம், சங்கம் தலையாட்டினால் போதுமாம்.

“இது கருப்பைவாய்ப் புற்றுநோய் வராம தடுக்கற ஊசி” என்றார்.

முன்வரிசைத் தந்தையர் அனைவரும் ஒரே சமயத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். எங்கள் தலைவர் ஹெல்மெட் கடை வைத்திருப்பவர், பண்பாடு தெரிந்தவர். அவர் எழுந்தார்.

“அம்மா, நாங்கல்லாம் குடும்பஸ்தங்க. அந்த வார்த்தை வேணாமே.”

“அது உடம்புல ஒரு பாகம் சார்.”

“பாகம்தான். அதுக்காக எல்லா பாகத்தையும் கூட்டத்துல பேச முடியுமா?”

நாகரிகம் கருதி, அன்று முதல் அந்தப் பாகம் “மேற்படி இடம்” என்று அழைக்கப்படும் எனத் தீர்மானித்தோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. “மேற்படி இடம் எங்க இருக்கு, நம்ம ஸ்கூல் பக்கத்துலயா?” என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டவரைத் தவிர, அனைவருக்கும் புரிந்துவிட்டது.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி, அது பெரும்பாலும் உடலுறவு மூலம் தொற்றும், அதனால்தான் சின்ன வயதிலேயே தடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார். மின்விசிறி மறுபடியும் பார்க்கப்பட்டது.

“அப்ப கல்யாணம் ஆனதுக்கப்புறம் போட்டுக்கலாமே?” என்றார் தலைவர்.

“முன்னாடியே போட்டாத்தான் சார் முழுப் பலன்.”

“கல்யாணத்துக்கு முந்தின நாள்?”

“மாப்பிள்ளை கூடவா ஊசி போட வரணும்?” என்று ஒருவர் சந்தேகம் கேட்டார்.

“விஷயம் அது இல்லம்மா” என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். “ஊசி போட்டுட்டா பொண்ணுங்களுக்குத் தைரியம் வந்துரும். அதான் பயம்.”

“நீங்க ஹெல்மெட் விக்கிறீங்களே, வாங்கறவங்க எல்லாம் போய் மோதிக்கணும்னா விக்கிறீங்க?”

“ஹெல்மெட் போட்டதும் பசங்க எப்படிப் பறக்கறானுங்கன்னு எனக்குத்தான் தெரியும். அதனாலதான் நான் போடறதே இல்ல.”

இப்படி ஒரு வாதத்துக்குப் பிறகு மருத்துவ விஞ்ஞானம் என்ன பேச முடியும்? டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டில் எனக்கு வேறொரு எதிர்க்கட்சி காத்திருந்தது. என் ஒரே மகள், பதின்மூன்று வயது.

“அப்பா, சித்திக்கு வந்திருக்கற வியாதிக்குத்தானே இந்த ஊசி?”

என் மனைவியின் தங்கைக்கு மேற்படி இடத்தில்தான் நோய். முற்றிய பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். என் மனைவியும் அவளோடேயே இருக்கிறாள். வெளியே நாங்கள் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்திருந்தோம்.

“சித்திக்கு வயித்துப்புண்ணும்மா.”

“வயித்துப்புண்ணுக்கு எதுக்குப்பா முடி கொட்டுது?”

“காரம் ஜாஸ்தியானா கொட்டும். போய்ப் படி.”

“எனக்கு ஊசி போட்டு விடுப்பா. எனக்குப் பயமா இருக்கு.”

மனைவியும் போனில் அதையேதான் சொன்னாள். “உங்க சங்கம் என்னவோ பண்ணட்டும், இவளுக்குப் போட்டுருங்க” என்று அழுதாள். அது வீட்டு விஷயம் என்பதால் நான் கூட்டத்தில் வைக்கவில்லை. பொது வாழ்க்கைக்கு வந்தவன் சொந்த உணர்ச்சிக்கு இடம் கொடுக்கலாமா?

அடுத்த கூட்டத்தில் ஊசியை நிராகரிக்கும் தீர்மானத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, தன் டியூஷன் விளம்பரத் தாளை விநியோகிக்க வந்த டியூஷன் மாஸ்டர் குறுக்கிட்டார்.

“பக்கத்து ஸ்கூல்ல போன வருஷமே இந்த ஊசியைப் போட்டாங்க. இந்த வருஷம் கணக்குல அத்தனை பேரும் தொண்ணூறுக்கு மேல. நான் எதையும் சொல்லல. யோசிச்சுப் பாருங்க.”

சபை யோசித்தது. மார்க் என்ற சொல் விழுந்துவிட்டால் எங்கள் சங்கத்தின் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்யும். கையிலிருந்த தீர்மானத்தை நானே கிழித்தேன். ஊசிக்கு ஏகமனதாக ஆதரவு. பண்பாடு, தைரியம், கல்யாணம், மாப்பிள்ளை எல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஊசி நாளன்று பள்ளி அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களும் சிபாரிசோடு வந்திருந்தார்கள். வரிசையில் இடம் பிடிக்க இரண்டு தந்தையர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தலைவர்.

“என் பொண்ணுக்கு ரெண்டு போடுங்க டாக்டர்.”

“ஏன் ரெண்டு?”

“கணக்குக்கு ஒண்ணு, சயின்ஸுக்கு ஒண்ணு.”

டாக்டரம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். “மார்க் ஏறும்னு யார் சொன்னது?”

நிலைமையின் கனத்தை உணர்ந்து நான் அவர் காதருகே குனிந்தேன். “டாக்டர், ஒரு அரை மார்க்காவது ஏறாதா?”

“பொய் சொல்லி ஊசி போட மாட்டேன் சார்.” பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இதைப் போட்டா மார்க் ஏறாது. புற்றுநோய் வராம தடுக்கும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” என்றது அரங்கம்.

ஏமாற்றப்பட்ட மக்களின் முகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். “லீவு போட்டுட்டு வந்தோம்மா!” என்று ஒருவர் கண்கலங்கினார்.

அப்போதுதான் அரங்கத்து வாசலில் என் கொழுந்தியாள் வந்து நின்றாள். ஸ்கேனுக்குப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு வாடகைக் காரில் வந்திருக்கிறாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“எனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்” என்றாள். இந்த முறை மின்விசிறியைப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. “நான் இந்த ஸ்கூல்ல படிச்சப்ப இந்த ஊசி வரல. வந்திருந்தா மொத ஆளா நின்னிருப்பேன். தயவுசெஞ்சு உங்க பொண்ணுங்களுக்குப் போடுங்க.”

தலைவர் என்னைப் பார்த்தார். “வயித்துப்புண்ணுன்னீங்களே?”

“புண்ணு கொஞ்சம் கீழ எறங்கிருச்சு” என்றேன்.

அவர் பிறகு அவளைப் பார்த்தார். பிறகு, மேடைக்கு மேலே மாட்டியிருக்கும் முதல் மதிப்பெண் பெற்றவர்களின் பலகையைப் பார்த்தார். அவர் முகம் பிரகாசமானது.

“நீ நம்ம ஸ்கூல் ரெக்கார்டு பொண்ணுல்ல? இன்னிவரைக்கும் யாரும் தாண்டலையே! நீ ஊசி போட்டுக்கிட்டியாம்மா?”

“இல்ல சார், அதைத்தான் நான்—”

“கேட்டீங்களா! ஊசியே போடாம ரெக்கார்டு!”

அரங்கம் கைதட்டியது. அவள் மேற்கொண்டு சொன்னது எதுவும் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. பெற்றோர்கள் அவளுக்கு வணக்கம் சொல்லி, தங்கள் பெண்களிடம் அவளைக் காட்டி, “அக்காவைப் பாரு, எல்லாம் சொந்த முயற்சி” என்று அறிவுரை கூறியபடி கலைந்தார்கள்.

நாற்காலியில் ஒருத்தி மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் மகள்.

“பெத்தவங்கள்ல ஒருத்தர் சரின்னு சொன்னாப் போதும்” என்றார் டாக்டரம்மா.

“நான் சொல்றேன், போடுங்க” என்றாள் கொழுந்தியாள்.

“சித்தி சொன்னா செல்லாதும்மா.”

“அப்பா, அம்மாவுக்குப் போன் போடுப்பா” என்றாள் மகள்.

வாசலில் தலைவர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் வீட்டுப் பெண்ணே ஊசி போட்டுக்கொண்டால் சங்கத்தின் மானம் என்ன ஆவது? “போன்ல சார்ஜ் இல்லம்மா” என்றேன். அந்த நேரம் பார்த்து அது சட்டைப் பையில் மணியடித்தது. மனைவிதான். “பாலிசி எடுக்கறவர்” என்று சொல்லி அணைத்தேன். மகளின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். டாக்டரம்மாவின் குழு மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில், வழக்கத்துக்கு மாறாக, துணைக்குழு இல்லாமல் ஒரு முடிவெடுத்தோம். என் கொழுந்தியாளுக்குப் பாராட்டுக் கேடயம். அவளால் மேடைக்கு வர முடியாது என்பதால் நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தலைவர் சுருக்கமாக அரைமணி நேரம் பேசினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூட கைதட்டினார்கள்.

கொழுந்தியாளின் வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் கேடயத்தை இடது கையால்தான் வாங்கினாள். அதில் தங்க எழுத்தில் பொறித்திருந்ததை மெல்ல வாய்விட்டுப் படித்தாள்: “ஊசி எதுவும் போட்டுக்கொள்ளாமலே முதலிடம் பெற்றவர்.”

பிறகு, கட்டிலோரம் நின்ற என் மகளின் தலையைத் தடவினாள்.

“நீ போட்டுக்கிட்டியாடா?”

“அப்பா விடல சித்தி.”

அவள் கேடயத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லா செஞ்சிருக்காங்க மாமா. இதே மாதிரி இன்னொண்ணு சொல்லி வெச்சிருங்க. எழுத்தெல்லாம் இதேதான். பேரு மட்டும் இவ பேரு.”