‘பொறுங்கோ’ அண்ணாவும் மிருதங்க மாஸ்டரும்

கொழும்பு நகரத்தில் ஒரு துரும்பைக்கூட விசாரணையின்றிக் குப்பையில் போடாத ஒரே மனிதர் எங்கள் ‘பொறுங்கோ’ அண்ணாதான். வெள்ளவத்தையில், துணிக்கடைக்கு மேலே, இணையத்தளங்கள் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகத்தில் அவர் எங்கள் குழுத் தலைவர். யார் எதை அழிக்கப் போனாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல். பெயரும் அதுவே ஆயிற்று.

பிரிட்ஜில் ஊசிப்போன பருப்பை எறியப் போனால், “பொறுங்கோ! ஆரின்ர அது? அதை நம்பி ஆரும் தொட்டுச் சாப்பிடப் பாண் வாங்கி வச்சிருக்கினமோ?” என்பார். மின்விசிறியின் பிளக்கைக் கழற்றுவதற்கும், வயர் போகும் வழியெல்லாம் மேசைகளுக்கடியில் தவழ்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுமதி. தினமும் மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கமுன் எல்லாத் தரவுகளையும் ஒரு பிரதி எடுப்பார். “அண்ணா சாமி கும்பிடுறார்” என்று சிரிப்போம்.

என் வேலை நிரந்தரமாவதா இல்லையா என்று தெரிய ஒரு கிழமை இருந்தது. நாங்கள் தளம் செய்து கொடுத்த கொட்டாஞ்சேனை நடனப் பள்ளியொன்றின் அதிபர் தொலைபேசியில் சொன்னார்: “மிருதங்க மாஸ்டர் விலகிட்டார் பிள்ளை. சைட்டில இருந்து எடுத்துவிடுங்கோ.”

எடுத்தேன். மாஸ்டர் போனார். அவரோடு வகுப்புகள் போயின, வகுப்புகளோடு மாணவர்கள், மாணவர்களோடு அவர்களின் பரீட்சைப் புள்ளிகள். ஒன்றை அழித்தால் அதை நம்பித் தங்கியிருப்பவற்றையும் அழித்துவிடு என்று யாரோ எப்போதோ நிரலில் எழுதிவைத்த ஒரு வரி, சொன்னதைச் செய்திருந்தது.

நான் மெதுவாக என் பையை எடுத்தேன்.

“பொறுங்கோ. எங்க போறியள்?”

“வேலை போச்சுதெல்லோ அண்ணா.”

“மத்தியானம் எடுத்த கொப்பி இருக்கு. இருங்கோ.” திரையைப் பார்த்து உண்மையான கோபத்தோடு கேட்டார்: “வாத்தியார் போனா பிள்ளையள் ஏன் போகோணும்?”

மாலைக்குள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த வரியையும் மாற்றினார். இப்போது மாஸ்டர் போனால் அவர் இடம் மட்டும் வெறுமையாகும்.

போன மாதம் அண்ணா மெல்பேர்ன் போய்விட்டார். ஊழியர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கச் சொன்னார் முதலாளி. ‘அழி’ என்பதை அழுத்தினேன். மறுத்தது. அந்தப் பட்டியலைச் செய்தவரும் அண்ணாதான். ஒருவரை நம்பி ஏதாவது தங்கியிருந்தால் அவரை அழிக்க விடாது. காரணங்களை வரிசையாகக் காட்டியது. கடைசி வரியில் என் பெயர்: நிரந்தர நியமனத்துக்குப் பரிந்துரைத்தவர், அவர். திகதி, மிருதங்க மாஸ்டர் காணாமற்போன அதே நாள்.

“என்ன பிள்ளை, எடுத்தாச்சோ?” என்றார் முதலாளி.

“பொறுங்கோ சேர்,” என்றேன்.